தாத்தா வேஷம் (9): வீட்டுக்கு மட்டும் புரிந்த குரல்

நேற்றுச் சாயங்காலம் நம் நடிகர் வீடு திரும்பிய அழகை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஒரு ஈ பறக்கலை! நான் பேசி முடிச்சதும் அந்த இடமே கப்சிப்னு ஆயிடுச்சு!" என்று முழங்கினாரே, அங்கேதான் அவரை விட்டுவிட்டு வந்தோம். அந்தக் கப்சிப்புக்குக் காரணம் வேறு என்று எனக்கு அப்போதே தெரியும். சொல்ல மனம் வரவில்லை. இன்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நடிகருக்கு வயது நாற்பது. ஆனால் ஊர் முழுக்க அவருக்குத் 'தாத்தா' என்றுதான் பெயர். ஊமைப்படக் காலத்தில், இருபத்தெட்டு வயதில், ஒரு கிழவர் வேஷத்துக்குப் போய் நின்றார். தாடி ஒட்டிப் பார்த்தார்கள், முடிக்கு வெள்ளை அடித்துப் பார்த்தார்கள். வாயைத் திறந்தால் வாலிபன் தெரிகிறான் என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் இவர் நேராகப் பல் டாக்டரிடம் போனார். சொத்தை ஒன்றுகூட இல்லாத முன்பற்களை மேலும் கீழுமாக மொத்தமாகப் பிடுங்கச் சொன்னார். டாக்டர் மாட்டேன் என்று சொல்லியும் விடவில்லை.

வேஷம் கிடைத்தது. அன்றிலிருந்து தாத்தா என்றால் இவர்தான். எத்தனை படத்தில் செத்தார் என்று அவருக்கே கணக்கில்லை.

பல் பிடுங்கிய அன்று கதவைத் திறந்த மனைவி, வாயில் கைக்குட்டையோடு நின்ற புருஷனை யாரோ அடித்துவிட்டார்கள் என்று பதறினாள். விஷயம் தெரிந்ததும் ஒரு வாரம் பேசவில்லை. அந்த முதல் படத்தைப் பார்க்கப் போனவள், இவர் பொக்கை வாயால் மென்று மென்று காட்ட, பக்கத்தில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, பாதியில் எழுந்து வந்துவிட்டாள். அதோடு சரி. புருஷன் நடித்த படம் எதையும் அதற்குப் பிறகு அவள் பார்த்ததில்லை.

இப்போது படங்கள் பேச ஆரம்பித்துவிட்டன. நம் நடிகருக்கும் முதல்முறையாகப் பேசும் வேஷம் கிடைத்திருக்கிறது. பெற்ற மகனே வீட்டை விட்டு வெளியே அனுப்பிவிட்ட கிழவர், வாசலில் நின்று ஒரு நீளமான வசனம் பேச வேண்டும். பன்னிரண்டு வருஷமாக வாயை மூடிக்கொண்டு செத்தவருக்கு அந்த வசனம்தான் உயிர்.

இனி இன்றைய பொழுது.

காலையில் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக்கொண்டே நடிகர் மெதுவாக ஆரம்பித்தார்.

"நேத்து எடுத்ததை இன்னிக்குப் போட்டுக் காட்டுறாங்க. நீயும் வாயேன்."

"துணி ஊற வச்சிருக்கேன்."

"துணி நாளைக்கும் ஊறும்."

"நீங்களும்தான் நாளைக்கும் தாத்தாவா இருப்பீங்க. அப்படி என்ன அவசரம்?"

பள்ளிக்கூடத்துக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்த மகள் நடுவில் புகுந்தாள். "அம்மா, இதுல அப்பா சாகலைம்மா. பேசுறார்."

"பேச்சைத்தான் ஒரு மாசமா கேட்டுக்கிட்டிருக்கேனே! ஒவ்வொரு வார்த்தையும் காதுல ரீங்காரம் போடுது." அவள் ஈரத்துணியோடு சுவர்ப் பக்கம் போனாள். "முதல்ல இந்தச் சுவத்துல சாஞ்சுக்கிட்டு வசனம் பேசுறதை நிறுத்துங்க. மேக்கப்பைக் கலைக்கிறேன்னு தலை முழுக்க எண்ணெயை வழிய விட்டுக்கிட்டு வந்து இங்கேயே சாயறீங்க. பாருங்க, எப்படி ஆகியிருக்குன்னு. எத்தனை தடவை தேய்க்கிறது நான்?"

நாற்காலிக்கு மேலே, தலை உயரத்தில், ஒரு வட்டக் கறை. தேய்க்கத் தேய்க்க அது பெரிதாகிக்கொண்டுதான் வந்தது.

நடிகர் கறையைப் பார்த்தார். தனக்குள் சிரித்துக்கொண்டார். எதற்குச் சிரிக்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை, புரியாததால் எரிச்சல் இன்னும் கூடியது.

"பல்செட்டாவது போட்டுக்கிட்டுப் போகலாமில்ல? அழுது அடம்பிடிச்சு உங்களை டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போய்ச் செஞ்சது, டம்ளர் தண்ணியில கிடக்கு."

"அதைப் போட்டா தாத்தா எங்கே இருக்கார்? முகமே மாறிடுது."

"மாறட்டும்னுதானே செஞ்சேன்," என்றாள் அவள். அதை அவர் காதில் விழும்படி சொல்லவில்லை.

ஸ்டூடியோவில் படம் போட்டுப் பார்க்கும் அறை என்பது பழைய சாமான் கிடங்கு. ஜன்னல்களில் கம்பளி தொங்கும். ஆறு நாற்காலி, அதில் ஒன்றுக்குக் கால் ஆடும். ஆடாத நாற்காலியில் முதலாளி. பக்கத்தில், வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கழற்றாத டைரக்டர். பின்னால் மேக்கப்காரர்.

சுவரோரமாக நின்றவன் நடிகரின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. இந்த ஸ்டூடியோவின் ஒலிப்பதிவாளன். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து, கூரைத் தகரத்தின்மேல் காக்கை நடந்தால்கூடக் கண்டுபிடித்து ஷாட்டை நிறுத்துகிறவன். அதனால் அவனுக்குக் 'காது' என்று பெயர். அத்தானுக்கு இந்த வேஷத்தை வாங்கிக் கொடுத்தவனே அவன்தான். "குரல் எப்படிப்பா?" என்று டைரக்டர் கேட்டபோது, "கணீர்னு இருக்கும் சார்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவனும் அவன்தான்.

விளக்கு அணைந்தது. திரையில் கிழவர் வந்தார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேசினார். பேசி முடித்துவிட்டு மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

விளக்கு எரிந்தது. நடிகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் குரலைத் தானே கேட்டது அதுதான் முதல் தடவை, பாவம்.

முதலாளி விசிறிக்கொண்டிருந்த தாளை நிறுத்தினார். "மெஷின்ல ஏதாவது கோளாறா?"

"இல்லைங்களே," என்றான் காது. "ஒவ்வொரு எழுத்தும் சுத்தமா விழுந்திருக்கு."

"எழுத்தா? எனக்குக் காத்துதான் கேட்டுச்சு. கஞ்சி கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். என்னப்பா பேசுறார்?"

"தெளிவாத்தானே பேசுறார்? 'சாவியை நீயே வைத்துக்கொள்...'"

"நிறுத்து. உனக்கு வசனம் தெரியும், நீ சொல்லுவே. டைரக்டரே, உங்களுக்குப் புரிஞ்சுதா?"

டைரக்டர் தொப்பியைச் சரிசெய்தார். "நான் எழுதினது... அதனால மனசுல ஓடிடுச்சு. ஆனா நேத்து ஷாட் முடிஞ்சதும் எல்லாரும் பேசாம நின்னாங்க. உருகிப்போயிட்டாங்கன்னு நினைச்சேன்."

மேக்கப்காரர் தரையைப் பார்த்தார். நேற்று அவரும் பேசாமல் நின்றவர்களில் ஒருவர்.

முதலாளி வாசல் காவல்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மறுபடியும் விளக்கு அணைந்தது, கிழவர் வந்தார், பேசினார், போனார். "என்ன சொல்றார் சொல்லு," என்றார் முதலாளி.

காவல்காரர் ரொம்ப நேரம் யோசித்தார். நல்ல மனிதர், யாரையும் நோகடிக்க விரும்பாதவர். "பெரியவர் எதுக்கோ மனசு விட்டுப் பேசுறாருங்க," என்றார். "என்னன்னுதான் வாங்கிக்க முடியலை."

நடிகர் எழுந்தார். திரும்பி மச்சானைப் பார்த்தார். "ஏண்டா, நீ ஒரு வார்த்தை சொல்லலையே?"

"எனக்குப் புரிஞ்சுது அத்தான்! சத்தியமா எல்லாமே புரிஞ்சுது!"

பொய்யில்லை. எனக்கு ஆத்திரமெல்லாம் அதனால்தான். பல் போன நாளிலிருந்து இந்தக் குடும்பம் அந்தப் பேச்சோடேயே வாழ்கிறது. 'உப்பு எங்கே' என்றாலும், 'குடை எங்கே' என்றாலும், அந்தக் குழைந்த வாயிலிருந்து வந்ததைப் பிடித்துப் பழகிவிட்டார்கள். மகள் பேசக் கற்றதே அதைக் கேட்டுத்தான். கூரைமேல் நடக்கும் காக்கையின் காலடியைக் கேட்கிறவனுக்கு, சொந்த அத்தானின் வாயில் பாதிச் சத்தம் இல்லை என்பது கேட்கவில்லை. ஒரு மாதம் வீட்டில் ஒத்திகை நடந்தது. கேட்டவர்கள் யார்? மனைவி, மகள், மச்சான். மூன்று பேரும் ஒரே குரலில் 'பிரமாதம்' என்றார்கள். கடைத்தெருவில் போகிற ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். யாருக்கும் தோன்றவில்லை.

"பல்செட் இருக்குன்னு சொன்னீங்களே," என்றார் டைரக்டர் அவசரமாக. "அதை மாட்டிக்கிட்டுப் பேசிப் பார்ப்போம்."

காது சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான். வீட்டில் அக்கா துணி அலசிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குப் பாதிதான் காதில் விழுந்தது: பல்செட் வேண்டும் என்கிறார்கள்.

"நானே கொண்டு வரேன்," என்றாள்.

"நீ எதுக்குக்கா?"

"அதைச் சரியா மாட்ட உங்களுக்குத் தெரியாது. ஒரு நிமிஷம் இரு, புடவை மாத்திக்கிட்டு வந்துடறேன்."

டம்ளரைத் தட்டால் மூடி, துணிப்பைக்குள் வைத்து, சைக்கிள் பின்னால் உட்கார்ந்து, குலுங்காமல் பிடித்துக்கொண்டு வந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் ஸ்டூடியோ வாசலை மிதிப்பது அதுதான் முதல்முறை.

மேக்கப் கண்ணாடி முன்னால் அவளே மாட்டிவிட்டாள். நடிகர் தாடியோடும் வெள்ளை முடியோடும் எழுந்து விளக்குகளுக்கு நடுவே போய் நின்றார். டைரக்டர் கேமரா வழியாகப் பார்த்தார். தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"தாத்தாவைக் காணோமே," என்றார்.

உண்மைதான். ஒட்டிப்போன கன்னம் நிமிர்ந்துவிட்டது. உதடு எழும்பிவிட்டது. ஒட்டுத்தாடிக்குள்ளே நாற்பது வயசு ஆண்பிள்ளை ஒருவர் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார். பத்து வருஷமாக அவர் முகத்தில் கோடு வரைந்த மேக்கப்காரருக்கே யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோல் கூச்சமாக இருந்தது.

அவளுக்குக் கூச்சமாக இல்லை. அத்தனை விளக்கு வெளிச்சத்தில், கல்யாணம் ஆன நாளில் பார்த்த அதே முகத்தை அவள் பார்த்தாள். இந்த முகத்தைத்தானே பன்னிரண்டு வருஷமாகக் கேட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். அங்கே இருந்த யாருக்கும் அந்த முகம் வேண்டாமாம் என்பதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

பேச்சும் தேறவில்லை. புதுப் பல் பழகாத வாய். வார்த்தைக்கு வார்த்தை 'டக்' என்று ஒரு சத்தம். கண்ணாடிப் பெட்டிக்குள் காது கையைத் தூக்கினான். மறுபடியும் பேசினார், மறுபடியும் டக். இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசினால் டக் நின்றது, கூடவே நடிப்பும் நின்றது. கடைசியில் பல்லைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் போய் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தார்.

"நேத்து எடுத்ததை நான் பார்க்கணும்," என்றாள் மனைவி.

டைரக்டர் மரியாதை தெரிந்தவர். சாமான் கிடங்கில் மூன்றாம் முறையாக விளக்கு அணைந்தது.

பாதியில் எழுந்து வந்த அந்தப் படத்துக்கப்புறம் இன்றைக்குத்தான் அவள் புருஷனைத் திரையில் பார்க்கிறாள். கிழவர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாவியை நீட்டினார். ஒரு மாதமாக அவள் காதில் ரீங்காரமிட்ட வசனம்தான், வார்த்தை மாறாமல் போய்க்கொண்டிருந்தது. கடைசியில், மூட்டையைக் குனிந்து எடுக்கும் முன்னால், ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் சொன்னார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விளக்கு எரிந்ததும் அழுதுகொண்டே திரும்பியவள், முதலாளியைப் பார்த்ததும் கொதித்துப்போனாள். "இதுல உங்களுக்கு என்ன புரியலை? ஒரு வார்த்தையாவது முழுங்கினாரா? சுவரில் என் தலை சாய்ந்த இடத்தில் ஒரு கறை இருக்கும், அதை மட்டும் அழித்துவிடாதேன்னு எவ்வளவு அழகா சொல்றார்! கேக்கறவங்களுக்குக் காது வேணாமா?"

அறை அமைதியானது. இந்த அமைதி நிஜமான அமைதி.

டைரக்டர் மெதுவாகக் கேட்டார். "என்ன சொன்னீங்க? கறையா? நான் அப்படி எழுதலையே."

"அப்படித்தான் சொல்றார். மூட்டையை எடுக்கிறதுக்கு முன்னாடி."

டைரக்டர் பெட்டியின்மேல் இருந்தவரைத் தேடிக்கொண்டு வெளியே போனார். "நீங்களா சேர்த்தீங்களா?"

"வாயில வந்துது," என்றார் நடிகர். "சொன்னா வெட்டிடுவீங்கன்னு சொல்லலை."

டைரக்டர் அந்த வரியைத் தானே இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். படம் முழுக்க எழுதினதெல்லாம் அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் நிற்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. "இது இருக்கணும். எதை வெட்டினாலும் இதை வெட்டக் கூடாது."

பின்னாலேயே வந்திருந்த அவள் முகம் மலர்ந்தது. அத்தனை சீக்கிரம் மலர்ந்திருக்க வேண்டாம்.

முதலாளி எழுந்து வந்தார். கெட்டவர் இல்லை அவர். வியாபாரி, அவ்வளவுதான். "அம்மா, நீங்க சொன்னதுக்கப்புறம் எனக்கே மனசு கலங்கிப்போச்சு. ஆனா ஒண்ணு. கொட்டகையில டிக்கெட் வாங்கிட்டு வர்ற ஒவ்வொருத்தர் பக்கத்திலேயும் உட்கார்ந்து நீங்க எடுத்துச் சொல்வீங்களா?"

அவள் பெட்டியின்மேல் இருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"முகம் தாத்தாவோடது. அது இல்லாம படமே இல்லை. குரல் வேற ஆளோடது," என்றார் முதலாளி. "சுவருக்குப் பின்னாடி ஒருத்தன் நின்னு பேசட்டும், தாத்தா வாயை அசைக்கட்டும். காலையில இவன் 'சாவியை'ன்னு ஆரம்பிச்சானே, அச்சு அசல் தாத்தா ஏத்த இறக்கம், ஆனா தண்ணி மாதிரி தெளிவு." விரல் ஒலிப்பதிவாளன் பக்கம் நீண்டது. "நீயே பேசு. கண்ணாடிப் பெட்டியை உன் ஆளு பார்த்துக்கட்டும்."

"நானா? முடியாதுங்க!"

"ஏன் முடியாது? கணீர்னு இருக்கும்னு டைரக்டர்கிட்ட சொன்னவன் நீ. நாளைக்குக் காலையில அந்தக் கணீர் எனக்கு வேணும். இல்லேன்னா வேற காதையும் தேடுவேன், வேற தாத்தாவையும் தேடுவேன்."

மூன்று பேரும் நடந்தே வீடு திரும்பினார்கள். கடைத்தெருவில் ஒரு பழக்காரர், "தாத்தா, சௌக்கியமா?" என்று கேட்டார். நடிகர் ஏதோ பதில் சொன்னார். பழக்காரர் சிரித்துத் தலையாட்டினார். அவள் முதல்முறையாக அந்தத் தலையாட்டலைக் கவனித்தாள். புரிந்துகொண்டு ஆட்டும் தலை இல்லை அது. இத்தனை நாளும் எல்லோரும் இப்படித்தான் ஆட்டிக்கொண்டிருந்தார்களோ என்று அவளுக்குத் திக்கென்றது.

வீட்டுக்கு வந்ததும் தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு நீ அங்கே வாயைத் திறந்தே, இந்த வீட்டுப் படி ஏறாதே."

"நான் பேசலைன்னா ரெண்டு பேருக்கும் வேலை போகும்கா."

"போகட்டும்! அவர் வாயிலே இருந்து வந்த வரிடா அது. அதை நீ பேசுவியா? வெட்கமா இல்லை?"

"எடுத்துக் கொடுத்தது யாரு?" காதுக்கும் பொறுமை போய்விட்டது. "நீ சொல்லாம இருந்திருந்தா அப்படி ஒரு வரி இருக்கிறதே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அத்தானோடயே போயிருக்கும்."

அவள் அடிபட்டதுபோல் நின்றாள். அவள் மனசுக்குள் வழியெல்லாம் ஓடிக்கொண்டிருந்ததும் அதேதான். பெருமையாகச் சொல்லப்போய், புருஷனின் வரியை அவளே பிடுங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க," என்றார் நடிகர். பின்கட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கறைக்குக் கீழே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "மாப்ளே, எதிர்ல நில்லு."

"எதுக்கு அத்தான்?"

"பேசப்போறவன் ஒழுங்காப் பேச வேணாமா? 'சாவியை நீயே'ன்னு அங்கே நீ ஆரம்பிச்சப்பவே பார்த்தேன். எடுத்த எடுப்பிலேயே அழறே. அங்கே அழக் கூடாது. அந்தக் கிழவனுக்கு இன்னும் ரோஷம் இருக்கு. ம், சொல்லு."

காது அக்காவைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

மகள் புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். நடிகர் ஒரு வரி சொன்னார். மச்சான் அதைத் திருப்பிச் சொன்னான். தப்பு என்றார். திரும்பச் சொன்னான். மூச்சை எங்கே விட வேண்டும், எந்த வார்த்தையில் நிலையைப் பிடிக்க வேண்டும், எங்கே ஒன்றுமே சொல்லாமல் நிற்க வேண்டும் என்று பிய்த்துப் பிய்த்துச் சொல்லிக் கொடுத்தார். பின்கட்டிலிருந்து வந்ததுமுதல் அவர் கை சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. மகளுக்கு அது என்னவென்று புரியவில்லை, கேட்கவும் இல்லை.

சமையலறையில் அவள் கரண்டியை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள். இந்தக் கூத்தைக் கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். ஆனால் காதுக்குக் கதவு கிடையாது.

புருஷன் சொல்வதும் தம்பி சொல்வதும் மாறி மாறி வந்தன. முதலில் தம்பி சொல்வது நாடகம் மாதிரி, ஒட்டவைத்தது மாதிரி இருந்தது. போகப் போகச் சரியாகிக்கொண்டே வந்தது. கடைசி வரிக்கு வந்தார்கள்.

"சுவரில் என் தலை சாய்ந்த இடத்தில் ஒரு கறை இருக்கும்." இது தம்பி. ஒவ்வொரு எழுத்தும் கழுவித் துடைத்து வைத்ததுபோல் வந்து விழுந்தது. "அதை மட்டும் அழித்துவிடாதே."

அவளுக்குத் திரையில் கேட்டபோது வந்த அழுகை இப்போது அதைவிடப் பெரிதாக வந்தது.

"கறைக்கு அப்புறம் ஒரு மூச்சு விடு. இப்படி," என்று நடிகர் அதே வரியைச் சொன்னார்.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

என்ன சொன்னார்? ஏதோ சொன்னார். காற்றும் எச்சிலுமாக ஒரு குழைவு. தம்பி சொன்னது காதில் அப்படியே நிற்க, அதன் பக்கத்தில் இது வந்து விழுந்தபோது, பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக ஊர்க்காரர்கள் கேட்பதை அவளும் கேட்டாள். கஞ்சி கொதிக்கிற சத்தம். முதலாளி பொய் சொல்லவில்லை. காவல்காரர் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது அவள் காது. பிரியத்தால் சொன்ன பொய் என்றாலும், அந்தப் பொய்யை நம்பித்தான் அந்த மனிதர் கேமரா முன்னால் போய் நின்றார்.

மறுபடியும் சொல்ல மாட்டாரா, மறுபடியும் புரிந்துவிடாதா என்று காத்திருந்தாள். சொன்னார். புரியவில்லை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நடிகர் அவளைப் பார்த்ததும் சிரித்தார். "வா, நீயே சொல்லு. பன்னிரண்டு வருஷமா கேட்கிற காது. நான் சொன்னது நல்லா இருந்துச்சா, இவன் சொன்னதா?"

அவள் கொஞ்சம்கூடத் தாமதிக்கவில்லை. "உங்களோடதுதான். இதுல என்ன சந்தேகம்?"

நல்ல தெம்பான குரலில்தான் சொன்னாள். குரலில் ஒரு பிசிறு கிடையாது. காதையே தொழிலாகக் கொண்ட தம்பி அதை அப்படியே நம்பித் தலைகுனிந்தான்.

ஆனால் கேட்டவர் ஊமைப்பட நடிகர். பேச்சே இல்லாத காலத்தில், எதிரில் நிற்பவர் முகத்தை மட்டும் பார்த்து, அதற்குப் பதில் முகம் காட்டியே பேர் வாங்கியவர். அவர் அவள் சொன்னதைக் கேட்கவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்தார். அங்கே இருந்ததை ஒன்றுவிடாமல் படித்தார்.

"அப்படியா," என்றார். சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு மச்சான் பக்கம் திரும்பினார். "முதல்லேருந்து சொல்லு மாப்ளே."

அவள் உள்ளே போனாள். அடுப்பைத் தணித்தாள். கையில் ஏதாவது வேலை இருந்தால் தேவலை என்று தோன்றியது. ஸ்டூடியோவிலிருந்து கொண்டு வந்து பின்கட்டு மாடத்தில் வைத்த பல்செட்டையாவது நல்ல தண்ணீரில் போட்டு வைக்கலாம் என்று போய், டம்ளர் மேலிருந்த தட்டைத் தூக்கினாள்.

டம்ளரில் வெறும் தண்ணீர்தான் இருந்தது.